மேடம், மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா?
மாணவர், பேராசிரியர், மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி ஒன்றில் 14 வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், எலெக்ட்ரானிக்ஸ் துறை. மெயில் விஷயத்தில் வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், இறுதியாண்டுப் பிள்ளைகள் அதே தப்புகளைச் செய்கிறார்கள், நாங்களும் ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுவதற்குள் அதே புலம்பலைப் புலம்பிவிட்டு வகுப்புக்குப் போகிறோம். ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் அடுத்த வருஷம் லிங்க்கை அனுப்பிவிடலாமே என்றுதான் இது. கல்லூரியின் விதிமுறை ஒன்றும் இல்லை, என் அபிப்பிராயம் மட்டும். பக்கத்து கேபின் சாரைக் கேட்டால் பாதிக்கு மேல் மறுப்பார்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கு, ஸ்டாஃப் ரூமும் ஒரு மாடி மேலதான். நடுவுல மெயில் எதுக்கு மேடம்?

நாளைக்கு லேப் உண்டா இல்லையா என்பதற்கு மெயில் வேண்டாம், வகுப்புப் பிரதிநிதியான சிஆரைக் கேளுங்கள். ஆனால் ஓடி (கல்லூரி சார்பாக வெளியே போன நாளையும் வருகையாகவே கணக்கிடும் 'ஆன் டியூட்டி'), வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், ப்ராஜெக்ட் தலைப்பு மாற்றம் என்று, மூன்று மாதம் கழித்து "நான் அப்பவே சொன்னேனே மேடம்" என்று நீங்கள் சொல்ல நேரக்கூடிய எதுவும் மெயிலில் இருக்கட்டும். ஒரு பையன் வேறொரு கல்லூரியில் சிம்போசியத்துக்குப் போய்விட்டு வந்து, காரிடாரில் என்னோடு நடந்துகொண்டே ஓடி விஷயத்தைச் சொன்னான், நானும் "சரிப்பா" என்றேன். செமஸ்டர் முடிவில் அவனுக்கு 74 சதவீதம் வந்தது. தேவை 75. அவன் சொன்னது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, நான் சரி என்றது எனக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம், ஆனால் இரண்டு நாள் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில் அவன் போனில் இருந்த செல்ஃபியின் தேதியை வைத்துப் பஞ்சாயத்து தீர்ந்தது.

இன்னொன்று, என் வாட்ஸ்அப் என்பது என் வீட்டுக்குள். மாமியார், பால்காரர், மகளின் ஸ்கூல் குரூப் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். மெயில் திண்ணை மாதிரி. யாரும் எந்த நேரத்திலும் வந்து உட்காரலாம், நான் வேலையை முடித்துக் கதவைத் திறந்து வருகிறவரை யாருக்கும் சங்கடம் இல்லை. அதில் நீல டிக்கும் கிடையாது.

மெயில் வந்ததால ஸ்டாஃப்கூட நெருக்கம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?

இரண்டும் நடந்திருக்கிறது, வேறு வேறு ஆட்களுக்கு.

நான் படித்தது 2000களின் தொடக்கத்தில். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் மூலமாக. ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடங்களில் அதற்கும் முன்னாலேயே, கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான எர்நெட் வலையமைப்பு வழியாக மெயில் ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எங்களுக்கு மெயில் என்றால் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துத் திறக்கிற ஹாட்மெயிலும் யாஹூவும்தான். அதில் ஆசிரியருக்கு எழுதலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூம் வாசல்தான் கதி. அங்கே போய் நிற்க வேண்டும். சார் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார், நிமிர மாட்டார். செருமலாமா கூடாதா என்று ஒரு யோசனை. "மே ஐ கமின் சார்" என்று கேட்டு, குரல் எழும்பாமல், இன்னொரு தடவை கேட்டு, உள்ளே போனபிறகு அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற ஏழு பேரும் நம்மையே பார்க்கிற மாதிரி ஒரு பிரமை. இதையெல்லாம் தாண்டிப் போனவர்கள் யார் என்று பார்த்தால் முன் பெஞ்சும், கான்வென்ட்டில் படித்தவர்களும்தான். நான்கு வருஷத்தில் அந்த வாசலை நான் தனியாகத் தாண்டியதே கிடையாது. எப்போதும் தோழி ஒருத்தியை இழுத்துக்கொண்டு போவேன், அவள் கேட்பாள், நான் தலையாட்டுவேன்.

மெயில் அந்த வாசலைப் பெயர்த்து எடுத்துவிட்டது. வகுப்பில் பேர் கேட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பெண், ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபூரியே டிரான்ஸ்ஃபார்மில் நான் போர்டில் ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டேன் என்று போட்டோவோடு எழுதுகிறாள். அவள் சொன்னது சரி. என் காலத்தில் அந்த மைனஸ் நான்கு வருஷமும் அப்படியே கிடந்திருக்கும்.

இனி மறுபக்கம். நம் ஊரில் பெரியவர்களுக்கு மரியாதையை வாயால் காட்டுவது குறைவு, உடம்பால் காட்டுவதுதான் அதிகம். எழுந்து நிற்பது, குரலைத் தாழ்த்துவது, சொன்னாலொழிய உட்காராமல் இருப்பது, தலையைச் சொறிவது. மெயிலில் உடம்பு கிடையாது. "நாளைக்கு சப்மிட் பண்றேன் மேடம்" என்று ஒருவன் என் மேஜைக்கு முன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெளிந்தபடி சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும், சரி போ என்பேன். அதே வரி, வேறு எதுவும் இல்லாமல், மெயிலில் வந்து நிற்கும்போது இவன் என்ன எனக்கே கெடு வைக்கிறானா என்று சுருக்கென்கிறது. அவன் நெளிந்துகொண்டேதான் டைப் அடித்திருப்பான். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இது புரிந்த பிள்ளைகள் பயந்துபோய் ரெஸ்பெக்டட், ஹம்பிள், கைண்ட்லி என்று மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள், புரியாதவர்கள் பி.எஃப்.ஏ. ('ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு') என்ற மூன்றெழுத்தோடு ஃபைலை வீசிவிட்டுப் போகிறார்கள்.

நேரில் வருவதும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ப்ராஜெக்ட் டீம் வாரம் ஒருமுறை சர்க்யூட் போர்டைத் தூக்கிக்கொண்டு வரும், வேலை செய்யாது, அதை நோண்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். இப்போது அத்தியாயம் அத்தியாயமாக மெயிலில் வருகிறது, நானும் ஓரத்தில் கமென்ட் போட்டு அனுப்பிவிடுகிறேன். வேலை சுத்தமாக நடக்கிறது. ஆனால் அந்த டீமில் ஒருவனுக்கு அம்மா டயாலிசிஸில் இருக்கிறார் என்பது எனக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றுதான் தெரிந்தது.

'ரெஸ்பெக்டட் சார்' போடணுமா, 'டியர்' போடலாமா, 'ஹாய்' போட்டா கோவிச்சுப்பீங்களா?

'வணக்கம் மேடம்' அல்லது 'டியர் மேடம்' போதும். 'டியர்' என்றால் அன்பே என்று அர்த்தம் ஆகிவிடுமோ என்று ஒரு பையன் நிஜமாகவே பயந்து கேட்டான். ஆகாது. ஆங்கிலக் கடிதத்தில் அது சும்மா ஒரு சம்பிரதாயம். 'ஹாய்' எனக்குப் பரவாயில்லை, எங்கள் துறையின் மூத்த பேராசிரியருக்குப் போட்டுவிடாதீர்கள்.

'ரெஸ்பெக்டட்' எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்பு லீவ் லெட்டர். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் காய்ச்சல் காரணமாக, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன். வயிற்றுவலிக்குக்கூட அதில் காய்ச்சல்தான். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வருகிற மெயில்களில் வாரத்துக்கு இரண்டாவது 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பிக்கிறது. நான் சார் இல்லை. இன்னும் சில 'சார்/மேடம்' என்று நடுவில் கோடு போட்டு வரும், எது பொருந்துமோ அதை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல. மரியாதை கொடுக்கிற அவசரத்தில் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் விடுவதற்கு 'ஹாய் மேடம்' எவ்வளவோ மேல்.

வெளிநாட்டுப் பேராசிரியர் என்றால் 'புரொஃபசர்' என்று போட்டு அவருடைய குடும்பப்பெயரை எழுதுங்கள். அவர் பதிலில் வெறும் முதல் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தால், அடுத்த மெயிலிலிருந்து அப்படியே அழைக்கலாம் என்று பெரும்பாலும் அர்த்தம். கை கூசும். எனக்கு இன்னமும் கூசுகிறது.

என் பேரை மெயில்ல எப்படிப் போடறது? பதில் எங்க அப்பா பேருக்கு வந்திருக்கு மேடம்.

இது நம் ஆட்களுக்கென்றே வாய்த்த வில்லங்கம். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு இனிஷியல், ஒரு பெயர். ஆனால் பல விண்ணப்பங்களில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் அப்பா பெயரை அங்கே போட்டுவிடுகிறோம், அதையே மெயில் கணக்கிலும் போடுகிறோம். ஜெர்மனியில் இருக்கிறவர் என்ன கண்டார், மரியாதையாக 'டியர் மிஸ்டர் சுப்பிரமணியன்' என்று உங்கள் அப்பாவுக்குப் பதில் எழுதுகிறார். பெண்ணாக இருந்தால் 'மிஸ் சுப்பிரமணியன்'. மெயில் முடிவில் எப்படி அழைக்க வேண்டுமோ அந்தப் பெயரைத் தனியாக ஒரு வரியில் எழுதிவிட்டு, முழுப்பெயரை அதன் கீழே போடுங்கள். பெரும்பாலானவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

முகவரியும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் அபிமான நடிகர் பெயரையும் 'வெறியன்' என்பதையும் சேர்த்து ஆரம்பித்த ஐடியிலிருந்து இன்டர்ன்ஷிப் கேட்காதீர்கள். கல்லூரி ஐடி கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஐஐடி மெட்ராஸில் மாணவர்களுக்கு ரோல் நம்பரோடு 'ஸ்மெயில்' முகவரி இருக்கிறது, பார்த்தவுடனே ஆள் யார் என்று தெரிந்துவிடும். கொடுக்காத கல்லூரிகள் நிறைய. அப்படியானால் பெயரும் இனிஷியலுமாகப் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

தமிழ்ல எழுதலாமா?

எனக்கு எழுதலாம். தாராளமாக.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஒரு பையன் ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பியிருந்தான். லேப் ரெக்கார்டு கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம் சொல்லி, தப்பும் தவறுமாக. மறுநாள் வகுப்பில், பெயர் சொல்லாமல், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக அதைப் படித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு நிம்மதி வேறு. ஆனால் அறுபது பேருக்கும் அது யார் என்று தெரிந்திருந்தது, கடைசி பெஞ்சில் அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டு வருஷம் படித்து வந்தவன், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். அதற்கப்புறம் கல்லூரியை விட்டுப் போகிறவரை அவனிடமிருந்து எனக்கு ஒரு மெயில்கூட வரவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து முதல் வகுப்பிலேயே தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிடுகிறேன். தங்கிலீஷும் சரிதான், கொஞ்சம் கண் வலிக்கும். அப்படி வருகிற மெயில்கள் நீளமாக இருக்கின்றன, கேள்வி தெளிவாக இருக்கிறது. புரியாததைத் தெரிந்த மொழியில் கேட்டால்தானே எது புரியவில்லை என்பதே தெரியும். மற்ற ஆசிரியர்களுக்கு எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் துறையில் உண்டு.

எப்படி எழுதினா பதில் வரும்?

போன செமஸ்டர் வந்த ஒன்றைப் பாருங்கள். சப்ஜெக்ட் கட்டம் காலி. உள்ளே: "ரெஸ்பெக்டட் சார்/மேடம், நான் உங்கள் வகுப்பு மாணவன். என் இன்டர்னல் மார்க்கைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி." பணிவுக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்த வகுப்பு, எந்த இன்டர்னல், என்ன ஆவன? மூன்று செக்‌ஷன், செக்‌ஷனுக்கு அறுபது பேர், 180 பேர். பெயரைப் பார்த்தால் 'கார்த்திக் கே'. எனக்கு நான்கு கார்த்திக் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு கே.

அதே பையனை நேரில் பிடித்துக் கேட்டுவிட்டுத் திருப்பி எழுத வைத்தது இது:

"சப்ஜெக்ட்: மூன்றாம் ஆண்டு பி செக்‌ஷன், இரண்டாவது இன்டர்னல், 4ஆம் கேள்வி.
வணக்கம் மேடம். நான் கார்த்திக், ரோல் நம்பர் 38. நான்காம் கேள்விக்கான விடையின் தொடர்ச்சி 7ஆம் பக்கத்தில் இருக்கிறது, அது திருத்தப்படாமல் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தின் போட்டோ இணைத்திருக்கிறேன். நாளை மதிய இடைவேளையில் பேப்பரோடு வரட்டுமா?"

இதில் தாழ்மையும் இல்லை, ரெஸ்பெக்டடும் இல்லை. ஆனாலும் இதுதான் எனக்கு மரியாதையாகப்படுகிறது, ஏனென்றால் என் நேரத்தை யோசித்து எழுதியிருக்கிறான். ஐந்து மார்க் ஏறியது. என் தப்புதான், பக்கத்தைத் திருப்பவில்லை.

டிரைவ் லிங்க் அனுப்புகிறவர்கள் பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட்டு அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் அசைன்மென்ட்டைப் பார்க்க உங்களிடம் நான் அனுமதி கேட்டு நிற்பது எந்த ஊர் நியாயம்?

பதிலே வரலைன்னா?

மூன்று வேலைநாள் பொறுங்கள். அப்புறம் அதே மெயிலுக்குக் கீழேயே, புதிதாகத் தொடங்காமல், ஒரு வரி ஞாபகப்படுத்துங்கள். 'ஜென்டில் ரிமைண்டர்' என்று சப்ஜெக்ட்டில் போடத் தேவையில்லை, அதைப் பார்த்தாலே கந்துவட்டிக்காரர் கதவைத் தட்டுகிற உணர்வு வருகிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள்.

பதில் வராததற்குப் பெரும்பாலும் கோபம் காரணமில்லை. காலையில் பஸ்ஸில் போனில் படித்திருப்போம், காலேஜ் போய்ச் சாவகாசமாக எழுதலாம் என்று நினைத்திருப்போம், போனதும் கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் கமிட்டிக்கு ஃபைல் தயார்செய்யக் கூப்பிட்டிருப்பார்கள், ஏற்கனவே படித்த மெயில் என்பதால் தடித்த எழுத்து போய்விட்டிருக்கும், அதோடு அது அடியில் போய்விடும். காரிடாரில் "மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா மேடம்?" என்று நீங்கள் கேட்கும்போது "பாக்கறேன்பா" என்று நான் சொல்கிறேன் பாருங்கள், அப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

'மீட் மீ'ன்னு மட்டும் பதில் வந்திருக்கு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

நல்ல விஷயமாகத்தான் இருக்கும், போய்ப் பாருங்கள். இது எங்கள் தப்பு. எங்களுக்கு அது நேரத்தை மிச்சம் பிடிக்கிற இரண்டு வார்த்தை. ஒரு தடவை நான் இப்படி எழுதி, வந்த பெண் அழுதுகொண்டே கேபினுக்குள் நுழைந்தாள். அவளை ஒரு பேப்பர் பிரசன்டேஷனுக்கு அனுப்பலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். இப்போதெல்லாம் 'நல்ல விஷயம்தான், வந்து பார்' என்று எழுதுகிறேன். நல்ல விஷயம் இல்லாதபோது என்ன எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் அனுப்பலாமா?

அனுப்பலாம், திண்ணைதானே. கூச்சமாக இருந்தால் ஜிமெயிலில் 2019 முதல் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, காலை எட்டு மணிக்குப் போகிற மாதிரி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ரெண்டரைக்கு 'மேடம்?' என்று இன்னொன்று அனுப்பாமல் இருந்தால் போதும்.

மார்க் விஷயத்துல பயங்கர கோபம். எச்ஓடியை சிசில போட்டு எழுதட்டுமா?

முதல் மெயிலிலேயே வேண்டாம். நகல் யாருக்கு என்று காட்டும் சிசி கட்டத்தில் துறைத் தலைவரான எச்ஓடியின் பெயரைப் பார்த்த அந்த நிமிஷத்தில் உங்கள் ஆசிரியர் உங்கள் கேள்வியைப் படிப்பதை நிறுத்திவிட்டுத் தன் பாதுகாப்புக்கு என்ன எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்குள் பேசித் தீர்க்கக்கூடியதைத் தெருவில் நின்று கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி அது. அவரிடம் இரண்டு தடவை எழுதி, நேரிலும் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால் அப்போது எச்ஓடிக்குத் தனியாக எழுதுங்கள், பழைய மெயில்களைக் கீழே சேர்த்து. அதற்கு மேலும் வழி இருக்கிறது. மாணவர் குறைகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2023இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, கல்லூரியில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அதன் முடிவை ஏற்க முடியாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆம்பட்ஸ்பர்சன் என்கிற குறைகேட்பாளர் இருக்க வேண்டும். அங்கே போகும்போது மரியாதையாக எழுதிய பழைய மெயில்தான் உங்கள் பக்கம் பேசும்.

கோபத்தில் எழுதத்தான் வேண்டும் என்றால் 'டு' கட்டத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். ஜிமெயில் செட்டிங்கில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 வினாடி வரை கூட்டி வைக்கலாம். முப்பது வினாடியில் கோபம் ஆறாது, ஆனால் ஆள் மாறிப் போனது கண்ணில் படும்.

இன்டர்ன்ஷிப்புக்கு 200 புரொஃபசருக்கு ஒரே மெயில் அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடல.

போட மாட்டார்கள். 'டியர் புரொஃபசர், உங்கள் மதிப்புமிக்க ஆய்வுகளைப் படித்து வியந்தேன்' என்ற மெயில் அவர்களுக்குத் தினமும் வருகிறது, எந்த ஆய்வு என்று ஒன்றில்கூட இருக்காது. அவசரத்தில் முந்தைய பேராசிரியரின் பெயரை மாற்றாமல் அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்துப் பேருக்கு எழுதுங்கள். ஒவ்வொருவருடைய ஒரு பேப்பரையாவது, முழுசாகப் புரியாவிட்டாலும், படித்துவிட்டு, எந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

எங்கே மெயில் தேவை, எங்கே தேவையில்லை என்பதும் முக்கியம். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், யாருக்கும் மெயில் எழுதித் தவம் கிடக்க வேண்டாம். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் இன்டர்ன்ஷிப்பும் போர்ட்டல்தான், இருக்கிற ப்ராஜெக்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் (டிஏஏடி) அமைப்பு தரும் வைஸ் இன்டர்ன்ஷிப் அப்படியில்லை. அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரை நீங்களே முதலில் தேடிப் பிடிக்க வேண்டும், அது முழுக்க மெயில் வேலை. அங்கேதான் மேலே சொன்ன பத்து மெயில்.

எல்ஓஆர் மெயில்ல கேக்கலாமா, நேர்ல வரணுமா?

பரிந்துரைக் கடிதம் என்கிற எல்ஓஆரை நேரில் கேளுங்கள், விவரத்தை மெயிலில் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, என்னிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன ப்ராஜெக்ட் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அப்போதுதான் என்னால் 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்பதைத் தாண்டி ஏதாவது எழுத முடியும். நீங்களே எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து கேட்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, தெரியும். நான் செய்வதில்லை. அமெரிக்க விண்ணப்பங்களில், 1974இல் வந்த ஃபெர்பா சட்டப்படி கடிதத்தைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கட்டம் வரும். விட்டுக்கொடுக்கிறேன் என்று டிக் அடித்துவிட்டுக் கடிதத்தையும் நீங்களே எழுதினால் அது என்ன கணக்கு?

கடிதத்தை ஏற்றுவதற்கான போர்ட்டல் லிங்க் ஆசிரியரின் கல்லூரி முகவரிக்குப் போகட்டும். ஜிமெயில் கொடுத்தால் சில இடங்களில் இவர் நிஜமான ஆசிரியர்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு சீட் வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். பத்துக்கு ஏழு பேர் எழுதுவதில்லை, நாங்கள் லிங்க்ட்இன்னில் போட்டோ பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

சாட்ஜிபிடி வெச்சு எழுதினா கண்டுபிடிச்சிடுவீங்களா?

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். அடுத்த வருஷத்திலிருந்து என் மாணவர்கள் அத்தனை பேரும் திடீரென்று என் நலத்தில் அக்கறை கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள், இந்த மெயில் என்னை நல்ல உடல்நலத்தோடு சந்திக்கும் என்று எல்லாரும் ஒரே குரலில் நம்பினார்கள். ஒருவன் மெயிலில் 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்ற அடைப்புக்குறி அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம்.

இலக்கணம் பார்க்கவோ ஆங்கில பயத்துக்கோ பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. 2024இல் ஒரு மெயில் வந்தது, வழவழவென்ற ஆங்கிலம், மூன்று சம அளவுப் பத்தி, 'எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை காரணமாக' பத்து நாள் வர முடியாது, புரிதலுக்கு நன்றி. மிஷின் சரக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது, ஊருக்குப் போக ஒரு சாக்கு என்று முடிவுகட்டி, 'நோட்டட். வந்ததும் ப்ரூஃப் கொடு' என்று பதில் போட்டேன். பன்னிரண்டாம் நாள் மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா. "அப்பா இறந்துட்டார் மேடம், வர முடியாது" என்று எழுதியிருந்தால் நான் பஸ் ஏறிப் போயிருப்பேன். அவன் ஏன் அப்படி எழுதவில்லை என்று கேட்டேன். "அப்படி எழுதினா மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன் மேடம்" என்றான். ப்ரூஃப் கொண்டுவந்திருந்தான், நான்காக மடித்து, பையில்.

ஸ்டாஃப்கிட்டேர்ந்து பாடத்துக்குச் சம்பந்தமில்லாத மெசேஜ் வருது. என்ன செய்யறது?

அழிக்காதீர்கள். பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. எழுதினால் மெயிலில், பாட விஷயத்தை மட்டும், இரண்டு வரி எழுதுங்கள். "ஏன் மெயில்ல, வாட்ஸ்அப்ல பேசு" என்று ஒருவர் வற்புறுத்தினாலே உஷாராகிவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும் யுஜிசியின் 2015 விதிமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன, அதில் மாணவர்களும் புகார் கொடுக்கலாம். நம்பிக்கையான ஒரு ஆசிரியையிடமோ வீட்டிலோ முதலில் சொல்லுங்கள். மார்க் போய்விடும் என்ற உங்கள் பயம்தான் இப்படி மெசேஜ் அனுப்புகிறவர்களுடைய முதலீடு.

படிப்பு முடிஞ்சு போனப்புறம் மெயில் எழுதலாமா? தொந்தரவா இருக்குமா?

எழுதுங்கள். வேலை கிடைத்ததுக்கு, கிடைக்காததுக்கு, கல்யாணத்துக்கு, சும்மாவும். ஆனால் பல கல்லூரிகளில் படிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் கல்லூரி ஐடியை முடக்கிவிடுவார்கள், அதற்குள் வேண்டியதை எல்லாம் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எழுதும்போது எந்த பேட்ச், எந்த செக்‌ஷன், எங்கே உட்காருவீர்கள் என்று போடுங்கள். கார்த்திக் என்று மட்டும் எழுதாதீர்கள்.